சிறிய நாணயம், பெரிய பெறுமதி

சுவிற்சர்லாந்தில் வாழும் எம் சிறார்களுக்குக் காசு எண்ணக் கற்பிப்போர் ஒன்றைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும். இந்நாட்டு நாணயங்களின் தோற்றத்தைக் கொண்டு பெறுமதியை அறிய இயலாது. பொன்னிறமாய் மின்னும் 5 றாப்பனே பெறுமதியிற் கடையது. அரைப் பிராங் நாணயமோ 10, 20 றாப்பன் நாணயங்களை விடச் சிறியது. அதில் 50 என்ற இலக்கமும் இல்லை, 1/2 என்றே பொறிக்கப்பட்டுள்ளது. ஆதலால், 10 றாப்பன் ஐந்தை அடுக்கி, அருகே அரைப் பிராங் ஒன்றை வைத்து, இரண்டும் சமன் எனக் காட்டுவோம். பின்னர் கடைக்கு அழைத்துச் சென்று, மிச்சக் காசைத் தமிழிலேயே எண்ணச் செய்வோம். எமது ஒரு மணித்தியால உழைப்பின் பெறுமதியை வங்கி அட்டை பிள்ளைக்கு உணர்த்தாது. உள்ளங்கையில் எண்ணிப் பார்த்த காசே உணர்த்தும் என நாம் கருதுகின்றோம்.