மொஸ்தார் நகரின் பழம்பாலம்

ஐரோப்பாவின் தென்கிழக்கிலே, பொஸ்னியா ஹெர்செகோவினா என்னும் சிறிய நாட்டில், மொஸ்தார் என்றொரு பழைய நகரம் இருக்கின்றது. அந்நாட்டு மொழியில் 'மொஸ்த்' என்றால் பாலம். பாலத்தைக் காத்து நின்ற காவலர் 'மொஸ்தாரி' எனப்பட்டனர். அவர்களாலேயே ஊருக்கு மொஸ்தார் என்னும் பெயர் வந்தது என்பர். காவலர் நின்ற பழைய பாலம் இன்றில்லை; அதன் பின் வந்த கற்பாலமே ஊரின் உயிர்நிலையாய் விளங்குகின்றது. அக்கற்பாலத்தின் வரலாறு, கட்டுதலும் அழித்தலும் மீண்டும் கட்டுதலும் ஆகிய மூன்றும் அடங்கியது. அதனைக் காணச் செல்வோர் இம்மூன்றையும் அறிந்து சென்றாற்றான் கண்ட காட்சி முழுமையாகும்.

தலைநகராகிய சரயேவோவிலிருந்து மொஸ்தாருக்குப் புகைவண்டியிலும் செல்லலாம், பேருந்திலும் செல்லலாம். வழி முழுவதும் மலைகளே. புகைவண்டிப் பாதை பல சுரங்கங்களினூடாக இறங்கி, நெரெத்வா ஆற்றின் பள்ளத்தாக்கை அடைந்து, அவ்வாற்றையே துணையாகக் கொண்டு தெற்கு நோக்கிச் செல்கின்றது. சுண்ணக்கல் மலைகளினிடையே ஓடிவரும் நெரெத்வாவின் நீர் மரகதப் பச்சை நிறமானது. கோடையிலும் உடலை நடுக்கும் குளிர்ச்சியுடையது. அந்த ஆறு நகரின் நடுவே ஓர் ஆழமான பாறைப் பிளவுக்குள் ஒடுங்கிப் பாய்கின்றது. அவ்விடத்திலேதான், இரு பக்கமும் கற்கோபுரங்கள் காவல் நிற்க, பழம்பாலம் ஒரே வளைவாக எழுந்து நிற்கின்றது.

பாலத்தின் மேல் நிற்பவருக்குப் பாலம் தெரிவதில்லை. ஆகவே அதன் வடிவைக் காண விரும்புவோர் சற்று விலகி நிற்றல் வேண்டும். அதற்கு உகந்த இடங்கள் மூன்று. ஆற்றின் போக்கில் தெற்கே சிறிது தூரம் நடந்தால் லுச்கி பாலம் என்னும் மற்றொரு பாலம் வரும். அங்கிருந்து வடக்கே திரும்பிப் பார்ப்பவருக்குப் பழம்பாலம் வானத்தை எல்லையாகக் கொண்டு முழுவதும் தோன்றும். இரண்டாவது இடம் பாலத்திற்கு வடக்கே, கீழ்க்கரையில் உள்ள கொஸ்கி மெஹ்மத் பாஷா பள்ளிவாசல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இப்பள்ளிவாசலின் முற்றம் ஆற்றின் விளிம்பில் அமைந்தது. கட்டணம் செலுத்தி மினாராவின் மேலும் ஏறலாம். உள்ளேயுள்ள சுழற்படிகள் மிகக் குறுகியவை. ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். மேலே சென்றால் ஆறும் பாலமும் கல்லோடு வேய்ந்த பழைய வீடுகளும் ஒரே பார்வையில் அடங்கும். மூன்றாவது, பாலத்தின் அடியில் உள்ள கூழாங்கற் கரை. அங்கு நின்று அண்ணாந்து பார்ப்பவரே பாலத்தின் உயரத்தை உள்ளபடி உணர்வர்.

கோடையில் ஆற்றின் நீர்மட்டத்திலிருந்து பாலத்தின் உச்சி ஏறத்தாழ 20 மீற்றர் உயரமுடையது. கரைக்குக் கரை வளைவின் அகலம் ஏறத்தாழ 29 மீற்றர். மக்கள் நடக்கும் வழியின் அகலமோ 4 மீற்றர் அளவே. நடைவழி தட்டையாக இல்லாது, இரு பக்கமிருந்தும் உச்சி நோக்கிச் செங்குத்தாய் ஏறுகின்றது. கற்கள் கால்பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாய் இருத்தலின், வழுக்காமல் மிதித்து ஏறுவதற்குக் குறுக்கே கல்வரம்புகள் அமைத்துள்ளனர். மழை நாளில் அவ்வரம்புகளின் அருமை நன்கு விளங்கும்.

இங்கு முன்னர் இருந்தது சங்கிலிகளில் தொங்கிய மரப்பாலம். அது ஆடி அசைந்து, கடப்போரை அச்சுறுத்தியது என்று கூறுவர். 15ஆம் நூற்றாண்டில் இந்நாடு துருக்கிய உதுமானியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டது. பின்னர் சுல்தான் சுலைமானின் ஆணைப்படி கற்பாலம் கட்டும் வேலை 1557இல் தொடங்கி, 1566இல் நிறைவெய்தியது. கட்டியவர் ஹைருத்தீன் என்னும் சிற்பி. பேரரசின் தலைமைச் சிற்பியாகிய சினானின் மாணவர் என்று அவரைச் சொல்வர். அருகிலுள்ள மலையில் வெட்டிய 'தெனெலியா' என்னும் வெளிறிய சுண்ணக்கல்லே பாலத்திற்கு ஏற்ற கல்லாயிற்று. அது செதுக்குவதற்கு எளியது. கற்களை இரும்புப் பற்றுக்களால் பிணைத்து, பிணைத்த இடங்களில் ஈயத்தை உருக்கி வார்த்தனர்.

வளைவுப் பாலத்தின் இயல்பை இங்கே சிறிது விளக்குதல் தகும். வளைவிலுள்ள ஒவ்வொரு கல்லும் ஆப்புப்போல ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். ஒவ்வொன்றும் தன் பாரத்தால் கீழே விழ முயல்கின்றது. ஆயின் பக்கத்துக் கல் அதனைத் தடுக்கின்றது. இவ்வாறு ஒன்றையொன்று நெருக்கும் விசை கல்லிலிருந்து கல்லுக்குச் சென்று, இறுதியில் இரு கரைகளிலுமுள்ள அடித்தளங்களைச் சேர்கின்றது. உச்சிக்கல்லை வைக்கும்வரை வளைவின் எந்தப் பாதியும் தானாக நிற்க இயலாது. அதுகாறும் கீழே கட்டிய மரச்சாரமே கற்களைத் தாங்கி நிற்கும். உச்சிக்கல் பொருந்திய பின்னரோ, விழ முயலும் இரு பாதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஆகையால் சாரத்தை அகற்றும் நாளே சிற்பியின் சோதனை நாள். பாலம் விழுந்தால் உயிரிழக்க நேரும் என அஞ்சிய ஹைருத்தீன், அந்நாளிலே தமக்குரிய அடக்கக் கிரியைகளுக்கு ஆயத்தம் செய்துகொண்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், பாலம் விழவில்லை. பேரரசுகள் மாறின, உதுமானியர் சென்று ஒஸ்திரிய ஹங்கேரியர் வந்தனர், இரு உலகப் போர்களும் நிகழ்ந்தன, யூகோசிலாவியா என்னும் நாடு தோன்றி வளர்ந்தது. பாலமோ 427 ஆண்டுகள் நின்றது.

யூகோசிலாவியா 1991ஆம் ஆண்டளவில் உடையத் தொடங்கியது. மொஸ்தாரில் பொஸ்னியாக்கர் எனப்படும் முஸ்லிம்களும், கத்தோலிக்கராகிய குரோஷியரும், கீழைத் திருச்சபையைச் சார்ந்த சேர்பியரும் கலந்து வாழ்ந்தனர். 1992இல் யூகோசிலாவியப் படை நகரைத் தாக்கியபோது, பொஸ்னியாக்கரும் குரோஷியரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். அவ்வாண்டிலே ஆற்றின் ஏனைய பாலங்கள் தகர்க்கப்பட்டன; பழம்பாலம் மட்டும் தப்பியது. 1993 மே மாதத்தில் அந்நண்பர் இருவரும் ஒருவரோடொருவர் பொருதனர். கிழக்குக் கரையிலே பொஸ்னியாக்க மக்கள் முற்றுகையுள் அகப்பட்டனர். குண்டுகளின் வேகத்தைத் தணிக்கலாம் என எண்ணி, மக்கள் பாலத்தின் மேல் தகரங்களால் கூரையிட்டு, பக்கங்களில் பழைய சக்கர உறைகளைத் தொங்கவிட்டனர்.

அம்முயற்சி பயனளிக்கவில்லை. குரோஷியப் படையின் தாங்கி ஒன்று பாலத்தை இலக்காகக் கொண்டு குண்டுகளைப் பொழிந்தது. 1993 நவெம்பர் 9ஆந் திகதி முற்பகலில் வளைவு முறிந்து ஆற்றில் விழுந்தது. அக்காட்சியை ஒளிப்படக் கருவி ஒன்று பதிவு செய்ய, உலகம் கண்டது. போரிலே எத்தனையோ உயிர்கள் மாண்டிருக்க, ஒரு பாலத்திற்காக ஏன் அழவேண்டும் என்று வினவுவோர் உளர். மனிதன் இறத்தல் இயற்கை என்பதை எவரும் அறிவர். தமக்கு முன்னரும் இருந்து, தமக்குப் பின்னரும் இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய ஒன்று கண்முன்னே இல்லாதொழிந்ததே அவ்வூராரை நிலைகுலையச் செய்தது.

1994 மார்ச்சில் அவ்விரு சாராரிடையே உடன்படிக்கை ஏற்பட்டது. பாலம் இருந்த இடத்தில் கம்பிகளில் தொங்கும் தற்காலிக நடைபாலம் ஒன்று அமைந்தது. 1997இல் ஹங்கேரி நாட்டுப் படையின் சுழியோடிகள் ஆற்றின் அடியிலிருந்து கற்களை மேலே கொணர்ந்தனர். ஆயினும் அக்கற்கள் மீண்டும் பாரம் தாங்கும் நிலையில் இல்லை. ஆகவே பழைய மலையிலேயே புதிய தெனெலியாக் கற்களை வெட்டியெடுத்து, கைக்கருவிகளால் செதுக்கி, இரும்பும் ஈயமும் கொண்டு முன்போலவே பிணைத்தனர். போருக்கு முன்னர் எடுத்த அளவுகளும் நிழற்படங்களும் வழிகாட்டின. யுனெஸ்கோ, உலக வங்கி, ஆகா கான் அறக்கட்டளை ஆகியன துணைநின்றன. துருக்கி, இத்தாலி, நெதர்லாந்து, குரோஷியா முதலிய நாடுகள் பொருளுதவின. குண்டு பொழிந்த படைக்குப் பின்னின்ற நாடும் கட்டும் பணிக்குக் கொடுத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2001இல் தொடங்கிய கட்டட வேலை, 2003இல் உச்சிக்கல் பொருந்தி, 2004 யூலை 23ஆந் திகதி திறப்பு விழாவுடன் நிறைவெய்தியது. அடுத்த ஆண்டில் யுனெஸ்கோ இப்பாலத்தையும் சூழவுள்ள பழைய நகரையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. புதிதாய்க் கட்டிய பாலம் எங்ஙனம் மரபுரிமையாகும் என்று ஐயுறுதல் இயல்பே. கல்லின் பழைமைக்காக மட்டும் அச்சிறப்பு அளிக்கப்படவில்லை. பகைத்த சமூகங்கள் மீண்டும் இணங்கி வாழ்தற்கும், நாடுகள் கூடி உதவுதற்கும் அது சின்னமாயிற்று என்பதும் காரணமாயிற்று.

இனி, மொஸ்தாருக்குச் செல்வோர் பெரும்பாலும் கவனியாது விடும் ஓரிடம் உண்டு. ஆறே நகரை இரண்டாகப் பிரித்தது என்று பலர் எண்ணுவர். அது முழுவதும் சரியன்று. 1993இல் போர்முனையாய் இருந்தது பெரும்பாலும் ஆற்றுக்குச் சிறிது மேற்கேயுள்ள 'புல்வார்' என்னும் அகன்ற வீதி. சுற்றுலா மக்கள் நெருங்கும் செம்புப் பாத்திரக் கடைவீதியிலிருந்து சில நிமிட நேரம் நடந்தால் அதனை அடையலாம். குண்டு துளைத்த சுவர்களோடு கூடிய கட்டடங்கள் போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் அங்கே நின்றன. ஆற்றின் மேல் பாலம் கட்டலாம். வீதியின் மேல் எதைக் கட்டுவது?

புல்வாரின் அருகே, ஒஸ்திரிய ஹங்கேரிய ஆட்சியில் எழுந்த ஓர் உயர்தரப் பாடசாலை உண்டு. 2004இல் அது ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. எனினும் இரு சமூக மாணவரும் தத்தம் பாடத்திட்டத்தின்படி வெவ்வேறு வகுப்புகளிற் கற்கும் முறை அதன் பின்னரும் தொடர்ந்தது. 2006இல் அதே கட்டடத்தில் எல்லாச் சமூக மாணவரும் பிறநாட்டு மாணவரும் ஒன்றாயிருந்து கற்கும் சர்வதேசக் கல்லூரி ஒன்றும் தொடங்கியது. நகராட்சி விடயத்திலோ கட்சிகள் இணங்காமையால், 2008இன் பின்னர் 2020 திசெம்பர் வரை நகரசபைத் தேர்தலே நடைபெறவில்லை. கல்வளைவை எழுப்ப மூன்றாண்டு போதியதாயிற்று. ஒரு வாக்குச்சீட்டை மக்கள் கையிற் கொடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

ஆயினும் பாலத்தின் வாழ்க்கை நின்றுவிடவில்லை. அதன் உச்சியிலிருந்து ஆற்றிற் குதிப்பது மொஸ்தார் இளைஞரின் நெடுநாள் வழக்கம். ஆண்டுதோறும் கோடையில் போட்டியும் நடைபெறும். மற்றைய நாட்களில், கைப்பிடிச் சுவரின் வெளியே நிற்கும் இளைஞர், காண வந்தோரிடம் போதிய பணம் சேர்ந்த பின்னரே குதிப்பர். குளிர்நீரின் அதிர்ச்சி தாக்காதிருக்க முதலில் உடலை நனைத்துக்கொள்வர். பயிற்சியில்லாத பயணிகள் அவர்களைப் பின்பற்றிக் குதித்தல் உயிருக்கே இடர் விளைக்கும்.

பாலத்தின் அருகே ஒரு சிறு கல் கிடக்கின்றது. 93ஆம் ஆண்டை மறவாதே என்னும் பொருளில் ஆங்கிலச் சொற்கள் அதிலே தீட்டப்பட்டுள்ளன. அதனைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கின், மேலே ஓர் இளைஞன் இரு கைகளையும் விரித்துக் குதிக்க ஆயத்தமாய் நிற்பான். அவர்களுட் பலர் 1993இன் பின் பிறந்தவர்கள். விழுந்த பாலத்தைக் கண்ணாற் காணாதவர்கள். தந்தையர் புதிதென்று அறிந்த அந்தப் பாலத்தையே, பழம்பாலம் என்னும் பெயரால் அவர்கள் அழைக்கின்றனர்.