திறந்து கிடப்பது அனுமதி ஆகுமா?

அண்டை வீட்டுச் சுவரின் நிழலில் ஒருவர் இளைப்பாறலாம்; அவ்வீட்டு விளக்கின் ஒளி தெருவில் விழுந்தால் அதில் நின்று ஏட்டைப் படிக்கலாம். இவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்றே ஃபிக்ஹு நூலோர் உரைத்தனர். நிழலில் அமர்வதால் சுவர் தேய்வதில்லை. படிப்பதால் எண்ணெய் குறைவதில்லை. அப்படியாயின், கடவுச்சொல் இன்றித் திறந்திருக்கும் அண்டை வீட்டாரின் கம்பியில்லா இணையம் நம் அறைவரை எட்டுமானால், அதனை நாம் பயன்படுத்தலாமா? அதுவும் விளக்கொளி போன்றதுதானே என நம் இளைஞர்கள் கேட்கின்றனர்.

கியாஸ் எனும் ஒப்பாய்வுக்கு இரு பொருள்களிலும் காரணம் ஒன்றாயிருத்தல் வேண்டும். விளக்கொளி தானே வந்து விழுகிறது. இணையமோ நம் கைப்பேசி கேட்ட பின்னரே வருகிறது. அண்டை வீட்டாரின் ரவுட்டர் அவருடைய மின்சாரத்தில் இயங்கி, அவர் பணம் கட்டிப் பெற்ற அளவிலிருந்து நமக்கு எடுத்துத் தருகிறது. பல திட்டங்களில் குறித்த அளவு தீர்ந்ததும் வேகம் குறைந்துவிடும். இழப்பு அவருடையது.

பேராவூரணி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அது. தலைமடையில் ஒருவர் மதகைச் சற்றுக் கூடுதலாகத் திறந்தால், அவர் கண்ணுக்கு நீர் குறைந்ததாகவே தோன்றாது; கடைமடை வயல்தான் அதை அறியும்.

இதற்கு இன்னும் நெருங்கிய உவமை நபிமொழியில் உண்டு. பிறர் கால்நடையின் பாலை அனுமதியின்றிக் கறத்தலாகாது என்ற பெருமானார் (ஸல்) அவர்கள், மடியை உணவுக் களஞ்சியத்துக்கு ஒப்பிட்டார்கள். மடிக்குப் பூட்டு இல்லை. பூட்டில்லாமை அனுமதியாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம். ரயில் நிலையத்திலும் கடையிலும் பொதுமக்களுக்கென்றே வைக்கப்பட்ட இணைப்பு வேறு; அங்கே அனுமதி வெளிப்படை.

பொருளிழப்பினும் பெரிது பழி. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்னர் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் காப்பற்ற வைஃபை இணைப்பு வழியே சென்றிருந்தது. விசாரணை முதலில் அவர் வாசலுக்கே வந்தது. எவரோ செய்த கொடுமைக்கு அவர் விடை கூற வேண்டியதாயிற்று. இத்தகைய நிகழ்வுகளை அடுத்து, 2009இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளைக் காப்புடன் வைக்குமாறு அறிவுறுத்தியது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி வலையமைப்பில் நுழைவதை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவு, இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. சிங்கப்பூரில் அண்டை வீட்டு இணைப்பைப் பயன்படுத்திய 17 வயது இளைஞர் ஒருவர் மீது 2006இல் வழக்கே தொடரப்பட்டது.

நெருக்கடி வேளையில் என்ன செய்வது? பசித்த வழிப்போக்கர் உரிமையாளரை மும்முறை கூவி அழைத்து, விடை வராவிடில் பாலருந்தலாம், சுமந்து செல்லலாகாது என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் இப்பகுதியின் தென்னைகளைச் சாய்த்து, மின்சாரத்தையும் தொலைபேசியையும் துண்டித்த நாள்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய நேரத்தில் உற்றாருக்கு ஒரு செய்தி அனுப்புவது தேவை. அதைச் சாக்கிட்டுத் திரைப்படம் பார்ப்பது சுமந்து செல்வது. தேவையிலும் முதலில் குரல் கொடுத்தல் என்ற ஒழுங்கு மாறவில்லை.

கடமை இருபுறமும் உண்டு. இணைப்புடையவர் கடவுச்சொல் இட்டுத் தம்மையும் பிறரையும் காக்கட்டும். தேர்வுக்குப் படிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளை கேட்டால், இணைப்பு நிறுவனத்தின் விதி இடந்தரும் அளவில் மனமுவந்து கொடுக்கட்டும். அறியாமல் இதுவரை பயன்படுத்தியவர், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, ஸலாம் உரைத்து, உண்மையைச் சொல்லிப் பொருத்தம் கேட்கட்டும். பெரும்பாலும் ஒரு புன்னகையோடு அது முடிந்துவிடும். நாம் கேளாமல் எடுத்ததை அவர் கேட்டிருந்தால் தந்திருப்பார் என்பதை அன்றுதான் அறிவோம்.