இணையவழிக் கல்வியில் ஓர் உத்தியோகம்: விண்ணப்பிக்கலாமா?

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, நம் சங்கத்தின் நெடுநாளைய அங்கத்தினராகிய நெசவாளர் ஒருவர் தம் புதல்வியுடன் காரியாலயத்திற்கு வந்தார். அப்பெண் கணிதத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்துத் தனியார் பள்ளியொன்றில் பணியாற்றுபவர். இணையவழியே பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினார். பள்ளிச் சம்பளத்தைப்போல் இரு மடங்கு கிடைக்குமென்று அதில் கண்டிருந்தது. “விண்ணப்பம் போடலாமா, வேண்டாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா” என்றார் தந்தை. இதே கேள்வியை வேறு அங்கத்தினர் சிலரும் நம்மிடம் கேட்டிருக்கின்றனர். ஆதலின் அன்று பேசியதை இங்கே எழுதத் துணிகிறோம்.

தொலைவிலிருந்து கற்பித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே தபால்வழிப் பாடங்களைத் தொடங்கிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தோன்றியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம் 2001-இல் எழுந்தது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும், மத்திய அரசு 2017-இல் திறந்துவைத்த ஸ்வயம் தளமும் எத்தனையோ சிற்றூர் மாணவர்க்குப் பயன்பட்டுள்ளன. எனவே, இத்துறையே வெறும் மாயை என்று ஒதுக்குவாரோடு நாம் உடன்படவில்லை.

ஆயினும் துறை வேறு, அதில் கடை விரிக்கும் நிறுவனம் வேறு. 2020-இல் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையப் பாட நிறுவனங்களில் முதலீட்டாளர் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. பைஜூஸ் நிறுவனம் 2022-இல் 2,200 கோடி டாலர் பெறுமெனக் கணிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 2,500 ஊழியரை நீக்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் அதன் மீது திவால் நடவடிக்கை தொடங்க நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. நிலையான வேலையை விட்டு அத்தகைய இடங்களுக்குச் சென்றவர் பாடு என்னவாயிருக்கும் என்பதைத் தறி நின்றுபோன வீட்டார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. அப்பெண் கொணர்ந்த விளம்பரத்தில் உத்தியோகத்தின் பெயர் ‘கல்வி ஆலோசகர்’ என்றிருந்தது. பெயர் கண்ணியமானதே. கீழே சிறிய எழுத்தில், மாத இலக்கு, இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை, நாள்தோறும் இத்தனை தொலைபேசி அழைப்புகள் என்றிருந்தன. பெற்றோரை அழைத்துப் பேசிப் பாடத்தொகுப்பை வாங்கச் செய்வதே வேலை. கணிதத்துக்கு அங்கே இடமில்லை. இரு மடங்குச் சம்பளத்தில் பெரும்பகுதி ஊக்கத்தொகை, விற்றால்தான் வரும். விளைச்சல் வீட்டுக்கு வருமுன்பே அதன் விலையை நம்பிக் கடன் வாங்குவது எத்தகையதென்று நம் விவசாய அங்கத்தினர் அறிவர். விற்பனை இழிந்த தொழிலன்று. நம் சங்கமும் துணி விற்றே வாழ்கிறது. ஆனால் கற்பிக்கும் ஆசையுடையவர் அதனைக் கற்பித்தல் என்றெண்ணிச் சேரலாகாது. வட்டிக்குப் பணம் வாங்கித் தவணை கட்டும் ஏழைத் தந்தையிடம் தாமே பேச நேருமென்று கேட்டதும் அப்பெண்ணின் முகம் வாடிற்று.

கற்பிக்கும் வேலைகளும் இல்லாமலில்லை. பாடம் எழுதுதல், ஒளிப்பதிவுக்குப் பாடம் சொல்லுதல், வினாக்கள் அமைத்தல், மாணவர் ஐயங்களுக்கு விடையளித்தல் ஆகியவை அவை. இவற்றுள் கடைசி இரண்டிற்கும் பல இடங்களில் எண்ணிக்கைக் கூலியே. ஒரு விடைக்கு இவ்வளவு என்று. இக்கணக்கு நெசவாளர் வீட்டுக்குப் பழையது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவர். பாவு ஓட்டுவதும், கஞ்சியிடுவதும், பாவு பிணைப்பதும், தார் சுற்றுவதும் வீட்டார் தலையில் விழும். அதுபோலவே விடையைத் தேடும் நேரமும், திருப்பியனுப்பப்பட்டதை மீண்டும் எழுதும் நேரமும் கணக்கில் வாரா. ஒரு விடைக்கு உண்மையில் எத்தனை நிமிஷம் ஆகிறதென்று பத்து விடைகளை எழுதிப் பார்த்து, அதன்பின் மணிக்கு என்ன கூலி விழுகிறதென்று கணக்கிடுமாறு கூறினோம். அவரே கணித ஆசிரியை, நொடியில் போட்டுவிட்டார். பள்ளிச் சம்பளத்தைவிடக் குறைவாகவே வந்தது!

பின்னர் அவர் தயங்கித் தயங்கி இரண்டாவது விளம்பரம் ஒன்றை எடுத்தார். தமிழில் உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பாடம் தயாரிக்க ஆள் வேண்டுமென்பது அது. சம்பளம் பள்ளியில் பெறுவதினும் சிறிதே மிகுதி, ஓராண்டு ஒப்பந்தம், வீட்டிலிருந்தே செய்யலாம். “ஓராண்டுக்குப் பிறகு?” என்றார் தந்தை. நியாயமான அச்சமே. ஆயினும் விண்ணப்பித்தல் வேறு, வேலையை ஏற்றல் வேறு அன்றோ? ஆணை கைக்கு வரும்வரை பள்ளிக்கு ராஜிநாமா கொடுக்க வேண்டாம், வைப்பு நிதி உண்டா, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றை எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லி, இதற்கு விண்ணப்பிக்கலாம் என்றே நாம் அபிப்பிராயம் தெரிவித்தோம். முன்பணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்பாராயின், அந்த இடத்தை அத்துடன் விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு சங்கடம் மட்டும் எஞ்சிற்று. விண்ணப்பத்தோடு பத்து நிமிஷ மாதிரிப் பாடம் ஒன்றைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வீடோ ஒற்றை அறை, நடுவே குழித்தறி. “ஒரு பகல் தறியை நிறுத்துகிறேன், அம்மா” என்றார் தந்தை. சேலை சங்கத்துக்கு வர வேண்டிய கெடு இரண்டே நாளில் இருந்தது. மகள் இசையவில்லை. நம் காரியாலயத்தின் பின்புறத்துச் சரக்கறையை ஞாயிறு காலை திறந்துவிட்டோம். நூல் சிப்பங்களின் நடுவே, சுவரில் சாய்த்த கரும்பலகையில் அவர் இருபடிச் சமன்பாடு நடத்தினார். விண்ணப்பம் சென்றிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. பள்ளிக்கு வழக்கம்போல் போய்வருகிறார்.