பரண்ல தூங்குதா ஒரு லேப்டாப்?

எழுந்து போய் வீட்டுப் பரணை ஒரு தடவை எட்டிப் பாருங்க. பழைய மிக்ஸி, அண்ணனோட ரெக்கார்டு நோட்டு, உடைஞ்ச கேரம் போர்டு... இதுக்கெல்லாம் நடுவுல ஒரு கறுப்புப் பை தெரியுதா? அதுக்குள்ள ஒரு லேப்டாப் இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லைன்னாலும் படிச்சு வைங்க. பக்கத்து வீட்டுப் பரண்ல நிச்சயம் இருக்கும்!

எங்க வீட்டுப் பை விழுப்புரத்துல இருந்தது. தமிழக அரசு 2011-ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல, ப்ளஸ் டூ படிச்சப்போ அக்காவுக்குக் கிடைச்சது. அவளோட காலேஜ் ப்ராஜெக்ட், வேலைக்கு அனுப்பின பயோடேட்டா, கல்யாண ஆல்பம்னு எல்லாத்தையும் சுமந்துட்டு, 2019-ல் ஒருநாள் திடீர்னு கண்ணை மூடிடுச்சு. பட்டனை அமுக்கினா லைட் எரியும், ஃபேன் சுத்தும், ஸ்க்ரீன் மட்டும் கும்மிருட்டு. ஒரு சர்வீஸ் கடையில ரெண்டே நிமிஷம் பார்த்துட்டு, ‘மதர்போர்டு போச்சு, 5,500 ரூபாய் ஆகும்’னு சொன்னாங்க. அம்மா மறுபேச்சு பேசலை. பையை வாங்கிட்டு வந்து பரண்ல ஏத்திட்டாங்க.

இப்போ எங்க சித்தி பொண்ணு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கா. கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணு, ‘சி’ புரோகிராமை செல்போன்ல ஒத்தை விரலால டைப் பண்ணிக்கிட்டு இருந்தா. பார்க்கச் சகிக்காம, கம்மலை அடகு வெச்சு 35,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் வாங்க சித்தி கிளம்பிட்டாங்க. “ஒரு வாரம் பொறுங்க சித்தி”ன்னு சொல்லிட்டு நான் ஏணியை எடுத்தேன். உள்ளுக்குள்ள உதறல்தான். சரிப்படலைன்னா ஒரு வாரம் போச்சு, மானமும் போச்சு!

சரி, ‘லைட் எரியுது, படம் வரலை’ன்னா உடனே மதர்போர்டுக்குப் போகாதீங்க. முதல் சந்தேகம் ரேம் மேல. ரேம்ங்கிறது சீப்பு மாதிரி நீளமா இருக்குற ஒரு சின்ன அட்டை. அதோட ஓரத்துல தங்க நிறத்துல வரிசையா கோடு இருக்கும். வருஷக்கணக்குல தூசியும் ஈரமும் படிஞ்சா அந்த இடத்துல தொடர்பு விட்டுப் போயிடும். அடாப்டரைப் பிடுங்குங்க, பேட்டரியைக் கழட்டுங்க, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அமுக்கிப் பிடிங்க. உள்ள மிச்சம் மீதி இருக்குற கரண்டும் இறங்கிடும். அப்புறம் அடிப்பக்கம் இருக்குற மூடியைத் திறந்து, ரெண்டு பக்கக் கிளிப்பையும் விரலால விலக்கினா ரேம் தானா நிமிர்ந்து நிக்கும். அந்தத் தங்கக் கோடுகளைப் பள்ளிக்கூட ரப்பரால மெதுவா அழிங்க. ரப்பர் துகளை நல்லாத் துடைச்சுட்டு, மறுபடி சாய்வா சொருகி அமுக்குங்க. ‘டிக்’னு சத்தம் வரணும்.

எங்களுக்கு ‘டிக்’னு வந்தது. பட்டனை அமுக்கினேன். கம்பெனி லோகோ பளிச்! ஆறு வருஷம் பரண்ல கிடந்த மெஷினுக்கு அஞ்சு ரூபாய் ரப்பர்தான் வைத்தியம். எல்லா லேப்டாப்புக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா, செலவில்லாத சோதனையை முதல்ல செஞ்சு பார்க்கிறதுல என்ன நஷ்டம்?

உயிர் வந்துடுச்சுன்னு குஷியில நான் பண்ண இருந்த தப்பைச் சொல்றேன். பழசை எல்லாம் அழிச்சுட்டு புதுசா ஏதாவது போட்டுடலாம்னு பென் டிரைவைக் கையில எடுத்துட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா போன். “டேய், என் கல்யாண போட்டோ முழுக்க அதுலதான்டா இருக்கு. ஸ்டூடியோக்காரரும் கடையை மூடிட்டாரு.” பகீர்னு ஆயிடுச்சு.

அதனால, எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ஃபைலை வெளிய எடுங்க. விண்டோஸ் திறக்கலைன்னாலும் எடுக்கலாம். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு லினக்ஸை இன்னொரு கம்ப்யூட்டர்ல இறக்கி, ரூஃபஸ்ங்கிற இலவச மென்பொருளால 8 ஜிபி பென் டிரைவ்ல ஏத்துங்க. லேப்டாப்பை அந்த பென் டிரைவ்லேர்ந்தே ஸ்டார்ட் பண்ணலாம். ஆன் பண்ணினதும் எஃப்12, எஃப்2, எஸ்கேப்னு கம்பெனிக்குத் தகுந்த மாதிரி ஒரு பட்டனைத் தட்டணும். இன்ஸ்டால் எதுவும் பண்ண வேணாம், ஹார்ட் டிஸ்க்ல ஒரு எழுத்துகூட மாறாது. உள்ள இருக்குற ஃபைல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்படியே வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணிக்கலாம்.

மின்ட்லயே ‘டிஸ்க்ஸ்’னு ஒரு புரோகிராம் இருக்கு. டிஸ்க்கோட ஜாதகத்தையே அது சொல்லும். கெட்டுப்போன இடத்தை எல்லாம் டிஸ்க் தானா ஒதுக்கி வெச்சு, அந்த எண்ணிக்கையையும் குறிச்சு வெச்சிருக்கும். பூஜ்யம்னா நிம்மதி. எங்களோடது நூறைத் தாண்டி இருந்தது. இப்படி நோயாளியா இருக்குற டிஸ்க்ல ஸ்கேன், டிஃப்ராக்னு ஓட்டி அதை இம்சை பண்ணாதீங்க. முதல்ல காலி பண்ணுங்க. ராத்திரி முழுக்க காப்பி ஓடிச்சு. காலையில பார்த்தா நாற்பது படத்துக்கு மேல திறக்கவே இல்லை. தாத்தா மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுற வரிசை முழுக்க அதுல போயிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே பரண் ஏறியிருந்தா கிடைச்சிருக்குமோ என்னவோ.

சரி, மேட்டருக்கு வருவோம். பழைய லேப்டாப் ஏன் ஆமை மாதிரி நகருது? ‘ப்ராசஸர் பழசு’ம்பாங்க. பாதி உண்மைதான். டைப் பண்றது, புரோகிராம் எழுதுறது, நெட் பார்க்கிறதுக்கு எல்லாம் 2012-ல் வந்த ப்ராசஸரே தாங்கும். தாங்காதது ஹார்ட் டிஸ்க். அதுக்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துது. ஒரு ஃபைல் வேணும்னா முள் நகர்ந்து போய், தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இப்படி விநாடிக்கு நூறு இடத்தைக்கூட அதால தேட முடியாது. எஸ்.எஸ்.டி.யில சுத்துற தட்டே கிடையாது, முழுக்க சிப். விநாடிக்கு ஆயிரக்கணக்குல எடுத்துக் கொடுக்கும். கையில காசு கொஞ்சம்தான் இருக்குன்னா, முதல் ரூபாய் எஸ்.எஸ்.டி.க்கு. அடுத்தது ரேமுக்கு. மத்தது எல்லாம் அப்புறம்.

நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினேன். சென்னை மவுன்ட் ரோட்டை ஒட்டி இருக்குற அந்தச் சந்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பழைய ரேம், பழைய டிஸ்க் ரெண்டோட ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கோங்க. முடிஞ்சா கையிலேயே கொண்டு போயிடுங்க. ‘லேப்டாப்புக்கு ரேம் கொடுங்க’ன்னு மொட்டையா கேட்டா மொட்டைதான் போடுவாங்க! டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஒண்ணு இருக்குற இடத்துல இன்னொண்ணு நுழையாது. டி.டி.ஆர்.3-லயே ரெண்டு ஜாதி உண்டு. ஸ்டிக்கர்ல ‘பி.சி.3’ன்னு இருந்தா 1.5 வோல்ட், ‘பி.சி.3எல்’னு இருந்தா 1.35 வோல்ட். ‘எல்’ மட்டும் கேட்கிற மெஷின்ல மத்ததைப் போட்டா ஸ்டார்ட்டே ஆகாம முரண்டு பிடிக்கலாம். எஸ்.எஸ்.டி.யிலயும் சூயிங்கம் மாதிரி மெலிசா இருக்குறது பழைய மெஷின்ல சேராது. 2.5 இஞ்ச் சாட்டா வகைதான் வேணும்.

என் பில்: 240 ஜிபி எஸ்.எஸ்.டி. 1,900. செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ரேம் 700. தெர்மல் பேஸ்ட் 150. பேட்டரி 1,600. பயாஸ் கடிகாரத்துக்கு ஒரு காசு பேட்டரி 40. ஆக மொத்தம் 4,390. விலை ஏறும் இறங்கும், நாலு கடை ஏறி இறங்குங்க. பேட்டரியில மட்டும் ‘ஒரிஜினல் சார், பழைய ஸ்டாக்’னு சொன்னா மயங்கிடாதீங்க. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கிழடாகும். தயாரிச்ச தேதியைப் பாருங்க. உங்க பழைய பேட்டரி இட்லி மாதிரி உப்பியிருந்தா அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. மின்கழிவு வாங்குற இடத்துல கொடுத்துடுங்க.

இட்லின்னதும் ஞாபகம் வருது. ஸ்க்ரூ! லேப்டாப்பைத் திறக்கிறவங்க அழுறது பெரும்பாலும் இதாலதான். எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனா நீளம் வேற வேற. குட்டி ஸ்க்ரூ இடத்துல நீள ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினா, கை வைக்கிற பக்கம் பொத்துக்கிட்டு வந்துடும். நான் அம்மாவோட இட்லித் தட்டை எடுத்து, ஒரு குழிக்கு ஒரு பகுதின்னு ஸ்க்ரூவைப் பிரிச்சு வெச்சேன். அன்னிக்கு டிபன் உப்புமாதான். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க.

ஃபேனைச் சுத்தம் பண்றப்போ பல் குச்சியால ஒரு இறக்கையைப் பிடிச்சுக்கிட்டு ஊதுங்க. இல்லைன்னா காத்துல தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும். ப்ராசஸர் மேல காஞ்சு போன பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சுட்டு, புதுசை அரிசி அளவு வெச்சாப் போதும். தோசைக்கு நெய் விடுற மாதிரி தாராளம் காட்டாதீங்க!

எல்லாம் மாட்டியாச்சு. இப்போ எந்த ஓ.எஸ்.? எங்க மெஷின்ல இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அதுல வால்பேப்பர்கூட மாத்த முடியாது. அதைவிட பெரிய கூத்து, நீங்க எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் அது 2 ஜிபிக்கு மேல எடுத்துக்காது. விஷயம் தெரியாம ரேமை மட்டும் மாத்திட்டு, ‘கடைக்காரன் ஏமாத்திட்டான்’னு திட்டினவங்க எத்தனை பேரோ! விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. விண்டோஸ் 11, இன்டெல்னா எட்டாவது தலைமுறை ப்ராசஸராவது வேணும், டி.பி.எம். 2.0 வேணும்னு வாசல்லயே நிறுத்திடும். குறுக்கு வழியில ஏத்துறவங்க இருக்காங்க. நாளைக்கு ஒரு அப்டேட்ல கதவைச் சாத்தினா, செமஸ்டர் நேரத்துல யார் மாரடிக்கிறது?

அதனால லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போட்டேன். 2 ஜிபி ரேம்லயே ஓடும், 4 இருந்தா சௌகரியம். எங்களுக்கு இப்போ 6. ஒரு வேடிக்கை சொல்லவா? அரசு கொடுத்தப்பவே அந்த லேப்டாப்ல சி-டாக் தயாரிச்ச ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அக்கா ஒரே ஒரு தடவை தெரியாம அதுக்குள்ள போயிட்டு, வைரஸ்னு நினைச்சு பயந்து ஷட் டவுன் பண்ணிட்டாளாம்!

ரெண்டு இடத்துல தடுமாறினேன். ஒண்ணு, வை-ஃபை பிடிக்கலை. போனை கேபிள்ல மாட்டி யு.எஸ்.பி. டெதரிங் ஆன் பண்ணினா நெட் வந்துடும், அதை வெச்சு டிரைவரை இறக்கிக்கலாம். ரெண்டாவது, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘பாதுகாப்பு இல்லை’ன்னு எச்சரிக்கை. அரை மணி நேரம் மண்டையை உடைச்சப்புறம்தான் தெரிஞ்சது, மெஷின்ல தேதி 2012 ஜனவரி 1! காசு பேட்டரி செத்துப் போனதுல காலமே பின்னாடி போயிருக்கு. 40 ரூபாயில நிகழ்காலத்துக்கு வந்துட்டோம்.

பொய் சொல்லக் கூடாது, இது எல்லாருக்கும் ஆகாது. நீங்க பி.காம்., டாலி கத்துக்கணும்னாலோ, ஆட்டோகேட், போட்டோஷாப்தான் சோறு போடும்னாலோ, லினக்ஸ் உங்களுக்குத் தோதுப்படாது. டாலியை மட்டும் ஓட்ட, விண்டோஸ் 11 எடுத்துக்கிற செகண்ட் ஹேண்ட் மெஷின் பாருங்க. நிஜமாவே மதர்போர்டு போயிருந்தா, ஸ்க்ரீன் உடைஞ்சிருந்தா, செலவு ஆறாயிரத்தைத் தாண்டும்னு தெரிஞ்சா நிறுத்திடுங்க. டிஸ்க்கை மட்டும் கழட்டிக்கிட்டு மத்ததை விட்டுடலாம். ‘இவ்ளோ செஞ்சாச்சு, இன்னும் ஆயிரம்தானே’ன்னு தோணும் பாருங்க, அங்கதான் ஆபத்து.

சித்தி பொண்ணுக்கு வேணும்ங்கிறது சி, பைத்தான், ஜாவா. மூணும் லினக்ஸ்ல ஜம்முனு ஓடுது. முன்னாடி நாலு நிமிஷம் ஆன ஸ்டார்ட்டிங், இப்போ அரை நிமிஷத்துக்கும் கம்மி. தமிழ்99 கீபோர்டும் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தது. “அண்ணா, கறுப்பா ஒரு ஜன்னல் வந்து ஏதோ கேட்குது, ‘எஸ்’ கொடுக்கவா?” அப்டேட்தான். “கொடும்மா”ன்னேன். அதுக்கப்புறம் இந்த மாதிரி போன் வரலை. போன வாரம் பேசினப்போ, அவளே ஃப்ரெண்டோட லேப்டாப்ல ரேமைக் கழட்டி ரப்பர் போட்டதாச் சொன்னா. அங்கே ரப்பர் வேலைக்கு ஆகலையாம். “நிஜமாவே மதர்போர்டு போல இருக்குண்ணா”ன்னா.

சித்தி காதுல கம்மல் இருக்கு. லேப்டாப்போட இடது பக்கக் கீல் மட்டும் கொஞ்சம் ஆடுது. பொங்கல் லீவுக்குப் போறப்போ ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போகணும். இட்லித் தட்டைத் தர மாட்டேன்னு அம்மா இப்பவே சொல்லிட்டாங்க.