சாரல் நின்ற பிறகு கன்னியாகுமரி!

"குற்றாலத்தையே கொல்லைப்புறத்தில் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு எதற்கு ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை?" என்று சென்னை உறவினர்கள் கேலி செய்வதுண்டு. என்ன செய்வது? அருவியில் நனைந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால்தான் அதிசயம். எங்கள் பாவூர்சத்திரத்தில் எந்த வீட்டுக் குழந்தையும் வருஷத்துக்கு நாலு தடவையாவது, "அம்மா, கன்னியாகுமரிக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்காமல் இருக்காது. நாமும், "லீவு விடட்டும், போகலாம்" என்று சொல்லி வைக்கிறோம்.

சிக்கலே அந்த லீவில்தான் இருக்கிறது, சகோதரிகளே! மே மாதம் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும், கூட்டமும் நெரியும். சரி, ஜூன் பிறக்கட்டும், காற்று குளுகுளுவென்று இருக்குமே என்று பார்த்தால் அது இன்னும் மோசம். நமக்குக் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிற அதே தென்மேற்குக் காற்றுதான் குமரிக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், காற்றாலைகள் என்ன வேகத்தில் சுற்றும் என்று! அந்த நாட்களில் அலை அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். நாலு மணி நேரம் பயணம் செய்து போய், கரையில் நின்று பாறைக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஐப்பசியில் அடைமழை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் கூட்டம். அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆகவே கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீடுகளுக்கு நான் சொல்வது தை பாதி கழிந்து மாசி முடியும் வரை உள்ள நாட்கள். தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம். திருச்செந்தூர்க் கூட்டத்தில் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. இந்த மாதங்களில் இன்னொரு லாபமும் உண்டு. ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் சூரியன் அங்கே கடலுக்குள் மறைவதைப் பார்க்க முடியும். மற்ற மாதங்களில் அது வடக்கே ஒதுங்கி நிலப்பக்கம் போய்விடும். "உதயமும் அஸ்தமனமும் ஒரே ஊரில்" என்று ஆசையாகப் போனவர்கள் மே மாதத்தில் ஏமாந்து வருவது இதனால்தான். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு லெட்டர் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சனி, ஞாயிறைவிடக் கூட்டமும் குறைவு.

காலையில் போய் ராத்திரி திரும்புவது என்ற பேச்சே வேண்டாம். நமக்குப் பயணம் இரண்டு துண்டு. தென்காசி பஸ்ஸிலோ, செங்கோட்டை பாசஞ்சரிலோ திருநெல்வேலி வரை. அங்கே மாறி, காவல்கிணறு வழியாகக் குமரி. ஒரு ராத்திரி தங்கினால்தான் அத்தை, மாமாவின் முழங்கால் தாங்கும். அறைக்கு முன்கூட்டியே சொல்லும்போது எந்த மாடி, லிஃப்ட் உண்டா, காலையில் வெந்நீர் வருமா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். 'கடல் தெரியும் அறை'க்கு மட்டும் மயங்காதீர்கள். ஒரு விடுதியில் எங்களுக்கு அப்படிக் கொடுத்த அறையில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கழுத்தை வளைத்தால் கையகலக் கடல் தெரிந்தது!

மதியம் போய்ச் சேர்ந்தால் முதலில் சாப்பாடு, பிறகு ஒரு தூக்கம். அம்மன் கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும். நாலு மணிக்குமேல் போகலாம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சட்டைப்பையில் இருக்கிற பணம், சாவியை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே காந்தி மண்டபம். 1948-ல் காந்திஜியின் அஸ்தியை இங்கே கடலில் கரைத்தார்கள். அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2-ஆம் தேதி சூரிய ஒளி விழுகிற மாதிரி கட்டியிருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பிறகு ஆறு மணிக்குள் அஸ்தமனம் பார்க்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

மறுநாள் காலை ஆறரை வாக்கில் உதயம். அதைப் பார்த்த கையோடு படகுத் துறைக்குப் போய் வரிசையில் நின்றால் எட்டு மணிக்கு முதல் படகுகளில் இடம் கிடைக்கும். தாமதித்தால் வரிசை நீளும் என்பது மட்டுமல்ல. விவேகானந்தர் மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். பத்து மணிக்குமேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், பெரியவர்களின் பாதம் தாங்காது. படகு ஏறுவதற்கு முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். ஆட்டத்தில் குழந்தைகள் வாந்தி எடுக்கும். இரண்டு இட்லி போதும். பாதுகாப்புச் சட்டை கொடுப்பார்கள். அது பெரியவர்கள் அளவு, சின்னதுகளுக்குத் தொளதொளவென்று இருக்கும். அதற்காகக் கழற்றிவிடாமல் பட்டையை இறுக்கிக் கட்டி, குழந்தையைக் கையிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறையில் 1970-ல் மண்டபம் திறந்தார்கள். பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர், 2000 ஜனவரி 1-இல் திறந்தது. பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். வீட்டிலேயே இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனால் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே எண்ணுவார்கள்! முன்பெல்லாம் வள்ளுவர் பாறையில் நீர்மட்டம் தாழ்ந்தால் படகு அணையாது. 2024 டிசம்பர் 30-இல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு நடந்தே போய்விடலாம். காலுக்கடியில் கடல் தெரிவது சிலருக்குத் தலையைச் சுற்றும். "கீழே பாக்காதீங்க அத்தே, வள்ளுவரைப் பாத்துக்கிட்டே வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது குளியல். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. அருவி தலையில் அடிக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று பழகியவர்கள். கடல் அப்படியில்லை. அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிடிக்கக் கம்பி கிடையாது. 'கள்ளக்கடல்' என்று மீனவர்கள் சொல்வார்கள். எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலைகள் பல நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று எழும்பும். 2024 மே மாதம் அதே குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. முன்கூட்டி எச்சரிக்கை வந்திருந்த சமயம் அது. அதே மாதம் நம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கும். தண்ணீருக்கு நல்ல முகம் ஒன்று, கெட்ட முகம் ஒன்று என்று கிடையாது.

ஆகவே கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் ரேடியோவிலோ டி.வி.யிலோ கடல் எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள். பாறை உள்ள இடத்தில் இறங்க விடாதீர்கள். முக்கடல் கூடுகிற இடத்தில் காலை நனைப்பதோடு சரி. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கை. "எல்லாரும் பாத்துக்கிடுவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுதான். தேங்காய்ச் சட்டினி மதியத்துக்குள் ஊசிப்போகும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளியோதரை, வறுத்த அப்பளம் போதும். உப்புக்காற்றில் குழந்தைகளுக்குத் தாகம் எடுக்கும், ஆனால் கேட்கத் தெரியாது. அரை மணிக்கு ஒரு தரம் நாமே தண்ணீர் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட தோலை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்காவிட்டால் துடையிடுக்கில் சிவந்துவிடும்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்கிற நாம் என்ன பார்க்கிறோம்? உதயத்தின்போது ஒரு கையில் பால் பாட்டில், மறு கையில் ஈரத் துண்டு! வீட்டுக்கு வந்து, "சூரியன் வந்ததா?" என்று மற்றவர்களைக் கேட்கிற பெண்களை எனக்குத் தெரியும். கிளம்புமுன்பே பேசிவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அவரவர் பையை அவரவர் தூக்க வேண்டும். காலை ஆறிலிருந்து ஏழு வரை கைக்குழந்தை அப்பாவிடம். "அழுதா என்ன செய்ய?" என்று கேட்டால், "நீங்களே சமாதானப்படுத்துங்க, நான் கடல் பாக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். கொஞ்சம் முனகுவார்; குழந்தை அழுது ஓய்ந்துவிடும்.

திரும்பும்போது நாகர்கோவில் டவுன் பஸ் பிடித்தால் வழியில் சுசீந்திரம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. 18 அடி ஆஞ்சநேயரையும், தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்களையும் பார்த்துவிட்டு, வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறலாம். ஏறுமுன் கடைவீதியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த, விரல் நீள, மணமான பழம். அங்கே தாய்மார்கள் பால்குடிக் குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுப்பது இதைத்தான். நன்றாகப் பழுத்ததாக வாங்கினால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்; ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் காம்பு பச்சையாக உள்ள சீப்பாகக் கேளுங்கள்.