அறுந்தாலும் தப்பு... அறலைன்னாலும் தப்பு!

தியேட்டரில் ஃபிலிம் அறுந்து விசில் பறந்த கதையை அப்பாகிட்ட கேட்டிருப்பீங்க. ஏன் அறுந்தது? ரீல் நிற்காம சுத்தும். ஆனா லென்ஸுக்குப் பின்னால ஃபிலிம் விநாடிக்கு 24 முறை நின்னு நின்னு கிளம்பும். அந்த வெடுக் இழுப்பில் ஓரத் துளைகள் கிழியும்.

1895-ல் அமெரிக்காவின் லேத்தம் குழு ஃபிலிமை வலுவாக்கவில்லை. தொளதொளன்னு ஒரு வளைவு விட்டது, அவ்வளவுதான். உதறலை வளைவே வாங்கிக்கொண்டது!

பிற்பாடு அசிடேட்டுக்குப் பதில் பாலியஸ்டர் பிரின்ட் வந்தது. கையால் இழுத்தாலும் அறுபடாது. சூப்பர்ல? அங்கேதான் சிக்கல். ஃபிலிம் எங்கேயாவது மாட்டினால், அது அறாமல் மெஷினின் பல்சக்கரத்தைப் பதம் பார்க்கும். அதனாலதான் கேமராவுக்குள் போகும் நெகட்டிவ் இன்னிக்கும் பெரும்பாலும் அசிடேட். ஃபிலிம் போனாலும் கேமரா பிழைக்கணுமே பாஸ்! என் ஓட்டு அந்த 1895 வளைவுக்குத்தான்.