போர்க்காலத்திலும் திராட்சை பறித்தவர்கள்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



தலைப்பைப் பார்த்துவிட்டு "ஏதோ விவசாயக் கட்டுரை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்தில் 'ஒயின்' என்ற சொல் வரப்போகிறது. அதைப் பார்த்துவிட்டு பின் பெஞ்சிலிருந்து விசிலும் அடிக்காதீங்க. நம்ம ஊரில் 'ஒயின்ஷாப், ஒயின்ஷாப்' என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அந்தக் கடையால் கெட்ட குடும்பங்கள் நம் எல்லோர் தெருவிலும் உண்டு. ஆகவே யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு எப்படிப் போகிறது, நடுவில் போரே வந்தாலும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு லெபனான் நாட்டில் உள்ள 'ஷாதோ முசார்' என்ற ஒயின் ஆலையை எடுத்துக்கொண்டேன்.

நம்மில் பலர் வீட்டில் படித்த முதல் ஆள். நானும் அப்படித்தான். "பரம்பரைத் தொழில்" என்ற பேச்சு வந்தாலே நமக்கு ஒரு சின்ன ஏக்கம் வரும். அந்தப் பரம்பரை என்பது உண்மையில் எதனால் ஆனது? வாங்க, பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது?

லெபனான் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள மிகச் சிறிய நாடு. கடற்கரையிலிருந்து உள்ளே போனால் லெபனான் மலைத்தொடர். அதைத் தாண்டி இறங்கினால் பெக்கா பள்ளத்தாக்கு. அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு மலைத்தொடர், பிறகு சிரியா. பள்ளத்தாக்கு என்றதும் தாழ்வான இடம் என்று நினைக்காதீங்க. பெக்கா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஏலகிரி மலை உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் மழையும் பனியும். கோடையில் மழையே கிடையாது. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. ஒயினுக்கு இரண்டும் வேண்டும்.

இந்த மண்ணில் திராட்சை புதிதல்ல. பெக்காவில் உள்ள பால்பெக் என்ற ஊரில் ரோமானியர்கள் கட்டிய பாக்கஸ் கோயில் இன்னும் நிற்கிறது. பாக்கஸ் அவர்களுடைய ஒயின் கடவுள்.

1930-இல் காஸ்தோன் ஹோஷார் என்ற இளைஞர் முசார் ஆலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. நம்மைவிட இரண்டு வயதுதான் கூட! நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. திராட்சைத் தோட்டம் பெக்கா பள்ளத்தாக்கில். ஆலையோ மலைக்கு இந்தப் பக்கம், பெய்ரூட் நகருக்கு வடக்கே, கடலைப் பார்த்த கஸீர் என்ற ஊரில், ஒரு பழைய கோட்டைக்குள். ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்? பெக்கா பகுதி லெபனானோடு இருக்குமா, சிரியாவோடு போகுமா என்பது அந்தக் காலத்தில் நிச்சயமில்லை, அதனால்தான் என்று சொல்வார்கள். தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர். பெய்ரூட்டிலிருந்து பெக்காவுக்குப் போகும் முக்கியச் சாலை 1500 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடக்கிறது. இந்த மலைப்பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்க. கதையே இதில்தான் இருக்கிறது.

சாறு ஒயின் ஆவது எப்படி?

இது நம்ம பாடம் மாதிரிதான், பயப்பட வேண்டாம். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் இரண்டு எத்தனால் மூலக்கூறும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் கிடைக்கும். கூடவே வெப்பமும் வெளிவரும். கணக்குப் போட்டால், 180 கிராம் சர்க்கரைக்கு 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. நடைமுறையில் ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் வரும். 13 சதவீதம் வேண்டுமென்றால் 17 ஐ 13 ஆல் பெருக்குங்க: 221 கிராம். பழத்தை எந்த நாளில் பறிப்பது என்ற முடிவுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். நிறம் பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகிறது, துவர்ப்பும் தோலில் உண்டு. முசாரில் நொதித்தல் கான்கிரீட் தொட்டிகளில் நடக்கிறது. சிவில் தோழர்களே, கவனிங்க! கான்கிரீட் சுவர் தடிமனாக இருப்பதால் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. சூடு எல்லை மீறினால் ஈஸ்ட் செத்து வேலை பாதியில் நின்றுவிடும். வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடுவதும் இல்லை. தோட்டத்திலிருந்து பழத்தோடு வருகிற ஈஸ்ட்டே போதும் என்பது இவர்கள் முறை.

நொதிக்கும் அறையில் எச்சரிக்கையும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கிவிடும். பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு ஆள் இறங்குவார்களே, அதே ஆபத்துதான்.

இன்னொரு முக்கியமான விஷயம்: பறித்த பழம் காத்திருக்காது. கூடையில் நசுங்கிய பழம் வெயில் பட்டாலே தானாக நொதிக்கத் தொடங்கும். காற்று பட்டுக்கொண்டே இருந்தால் வேறு பாக்டீரியா புகுந்து ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கிவிடும். அதாவது வினிகர்! ஆகவே தோட்டத்திலிருந்து லாரி சரியான நேரத்தில் மலையைத் தாண்டி வந்தாக வேண்டும்.

ஏழு வருஷக் காத்திருப்பு

முசாரின் சிவப்பு ஒயினில் கபெர்னே சோவின்யோன், சின்சோ, கரின்யான் என்ற மூன்று வகைத் திராட்சைகள் சேர்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நொதிக்க வைத்து, ஓக் மரப் பீப்பாயில் ஏறக்குறைய ஒரு வருஷம் வைத்து, அதன் பிறகே கலக்கிறார்கள். பாட்டிலில் அடைத்த பிறகும் சில வருஷம் நிலவறையில் உறங்க விடுகிறார்கள். மொத்தத்தில் பழம் பறித்து ஏழாவது வருஷம்தான் கடைக்கு வருகிறது. வெள்ளை ஒயினுக்கு ஒபெய்தே, மெர்வா என்ற உள்நாட்டுத் திராட்சைகள்.

நாம் மூன்று வருஷ டிப்ளமோவுக்கே "எப்போ முடியும், எப்போ முடியும்" என்று கேட்கிறோம். போட்ட முதல் திரும்பி வர ஏழு வருஷம் ஆகும் தொழிலை நினைத்துப் பாருங்க.

இந்த முறையை வகுத்தவர் காஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ் ஹோஷார். பிரான்சில் ஒயின் தொழிலுக்குப் பேர்போன போர்தோ நகரத்துக்குப் போய் ஒயின் விஞ்ஞானம் படித்தார். எமில் பெனோ போன்ற பெரிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். 1959-இல் ஆலையில் ஒயின் செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தம்பி ரொனால்ட் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அப்பா ஆலை வைத்திருந்தார் என்பதால் மகனுக்கு வேலை தெரிந்துவிடவில்லை. அவரும் நம்மைப் போல் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

போர் வந்தது

1975-இல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1990 வரை நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சிரியப் படை உள்ளே வந்தது. 1982-இல் இஸ்ரேல் படையும் நுழைந்தது. பெக்கா பள்ளத்தாக்கு போர்க்களத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது. மலைப்பாதையில் ஆயுதக் குழுக்களின் செக்போஸ்ட்டுகள். இன்றைக்குத் திறந்த பாதை நாளைக்கு அடைபடும்.

1976-இல் ஒயின் செய்யவே முடியவில்லை. 1984-இல் பழத்தை ஏற்றிய லாரிகள் நாள்கணக்கில் வழியில் மாட்டிக்கொண்டன. ஆலை வந்து சேருவதற்குள் லாரியிலேயே பழம் நொதிக்கத் தொடங்கிவிட்டது. மேலே படித்த அதே ரசாயனம்தான், இடம் மட்டும் மாறிவிட்டது! அந்த வருஷ ஒயினை வழக்கம்போல் விற்பனைக்கு விடவில்லை. மற்ற வருஷங்களில் எப்படியோ பழம் மலை தாண்டி வந்துவிட்டது. 15 வருஷப் போரில் கைநழுவியது இந்த இரண்டு அறுவடைதான்.

உள்நாட்டில் வாங்க ஆள் இல்லாமல் போனதால் செர்ஜ் வெளிநாட்டுச் சந்தையைத் தேடினார். 1979-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் நடந்த ஒயின் கண்காட்சியில் மைக்கேல் பிராட்பென்ட் என்ற புகழ்பெற்ற நிபுணர் முசாரின் 1967-ஆம் வருஷ ஒயினை ருசித்துப் பாராட்டி எழுதினார். அதோடு உலகமே திரும்பிப் பார்த்தது. 1984-இல், அதாவது லாரிகள் மாட்டிய அதே வருஷம், 'டிகாண்டர்' என்ற ஆங்கில ஒயின் பத்திரிகை ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதை முதன்முதலாக ஏற்படுத்தி செர்ஜுக்குக் கொடுத்தது. கவனிங்க, 1979-இல் காப்பாற்றியது 1967-இல் பறித்த பழம். போருக்கு எட்டு வருஷம் முன்னால், போர் வரும் என்றே தெரியாமல் ஒழுங்காகச் செய்து வைத்த வேலை.

பாட்டிலில் பெயர் இல்லாதவர்கள்

பத்திரிகைகள் எல்லாம் "போரிலும் ஒயின் செய்த குடும்பம்" என்று எழுதின. எழுதட்டும், செர்ஜின் தைரியம் பெரியதுதான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. பழத்தைப் பறித்தது யார்? லாரி ஓட்டியது யார்?

பெக்கா தோட்டங்களில் அறுவடை செய்கிறவர்கள் பெதுயின் மக்கள். நாடோடியாக வாழ்ந்த அரபு இனத்தார். கோடை முடிவில் ஆணும் பெண்ணுமாக வந்து கையால் குலை குலையாகப் பறிக்கிறார்கள். ஆயுதம் தாங்கிய படைகளுக்கு நடுவில் குனிந்து பழம் பறித்தவர்கள் அவர்கள்தான். செக்போஸ்ட்டில் துப்பாக்கிக்கு முன்னால் லாரியை நிறுத்தி, இறங்கிப் பேசி, மறுபடி ஓட்டியவர்கள் டிரைவர்கள். ஹோஷார் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்தது உண்மை என்றால், இவர்களும் வருஷத்துக்கு வருஷம் வந்து பறித்ததும் அதே அளவு உண்மை.

எங்க அம்மா பருத்தி எடுக்கப் போவாங்க. எடைக்குத்தான் கூலி. அந்தப் பஞ்சு எந்த மில்லுக்குப் போச்சு, யார் சட்டையாச்சு என்று எங்க யாருக்கும் தெரியாது. சட்டையில் மில் பெயர் இருக்கும், அம்மா பெயர் இருக்காது. பெதுயின் பெண்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. 'பரம்பரை' இல்லாதவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தது சரியா என்று யோசிக்க ஆரம்பித்தேன். உழைப்பு எங்க வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக வந்ததுதான். எழுதி வைக்க ஆள் இல்லாமல் போச்சு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1991 முதல் முசாரில் ஒயின் தயாரிப்புப் பொறுப்புக்கு வந்த தாரெக் சக்ர், ஹோஷார் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. படித்து, வேலை கற்று வந்தவர். ஆக, பரம்பரை என்ற வீட்டுக்குப் பிறப்பு ஒரு வாசல் என்றால் படிப்பு இன்னொரு வாசல். நமக்குத் திறந்திருப்பது அந்த இரண்டாவது வாசல்.

நமக்கு என்ன?

செர்ஜ் ஹோஷார் 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோ நாட்டில் கடலில் நீந்தும்போது இறந்துபோனார். அந்த வருஷம் பறித்த பழம் அப்போது தொட்டியைத் தாண்டியிருக்காது. ஏழு வருஷக் கணக்குப்படி அது வெளியே வர வேண்டியது 2021-இல். அதைப் பீப்பாய்க்கு மாற்றி, கலந்து, அடைத்து, காவல் காத்தது மகன்களும் தொழிலாளர்களும். தான் பார்க்கப்போகாத நாளுக்காக வேலை செய்வதற்குத்தான் பரம்பரை என்று பெயர் போலிருக்கிறது.

லெபனானின் கஷ்டம் தீர்ந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். 2019-இல் வங்கிகள் முடங்கிப் பணத்தின் மதிப்பு சரிந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200 பேருக்கு மேல் பலியானார்கள். 2024-இல் அறுவடைக் காலத்திலேயே பெக்கா பள்ளத்தாக்கில் மறுபடி குண்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒன்றுதான்: பழம் மலை தாண்டுமா?

தோழர்களே! நம்மில் யாருக்கும் கோட்டையோ தோட்டமோ காத்திருக்கவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் "உங்க அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் பதில் சொல்கிறோம். இனிமேல் தாழ்த்த வேண்டாம். பறித்தவர்களும் சுமந்தவர்களும் இல்லாமல் எந்தப் பரம்பரையும் ஒரு வருஷம்கூடத் தாண்டியதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் நாம். நாளைக்கு நாம் வொர்க்ஷாப்பில் சூப்பர்வைசராக, சைட்டில் இன்ஜினியராக நிற்கும்போது, நமக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் பெயரையாவது கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்வோம். ரெஜிஸ்டரில் ஒழுங்காக எழுதியும் வைப்போம். நம்ம வீட்டுப் பரம்பரையை அங்கிருந்து தொடங்கலாம்.